இராகூபோ வரைக்கும்

1

காரைக்குடிப் பக்கத்து ஆளுகளுக்கு எங்க ஊரு ரோட்டைப் புரிய வைக்க நான் ஒரு வழி வச்சிருக்கேன். காரைக்குடியில திருச்சி பஸ் ஏறுறீக. ஜன்னலோர சீட்டு, மடியில பை. திருமயம் கோட்டை தெரியுற இடத்தில பஸ்ஸை நிறுத்தி ரெண்டு போலீஸ்காரக ஏறி, "அட்டையைக் காட்டுங்க"ங்கிறாக. அட்டை இருந்தா திருச்சிக்குப் போகலாம். இல்லையா, இறங்கி நின்னு காரைக்குடிக்குத் திரும்புற வண்டியைப் பிடிக்கணும். சரி, அந்த அட்டையை எங்கதான் கொடுக்கிறாகன்னு கேக்குறீகளா? திருச்சியில.

இதுதான் நான் இருக்கிற ஊரோட நிலைமை. தென் அமெரிக்காவோட வடக்கு ஓரத்தில, பிரேசிலுக்கு மேல, பிரான்ஸ்காரகளுக்குச் சொந்தமா ஒரு பெரிய காடு கிடக்கு. பிரெஞ்சு கயானான்னு பேரு. பாரீஸ் சட்டம், பாரீஸ் காசு, பாரீஸ் தபால்பெட்டி. மழையும் கொசுவும் மட்டும் இங்கத்தது. காட்டுக்கும் கடலுக்கும் நடுவுல ஒரே ஒரு ரோடு போகுது. இந்தக் கோடியில ஆத்தங்கரையில சேன்-லோரான், அது என் ஊரு. அந்தக் கோடியில கயேன், அது தலைநகரம். ஆபீஸு எல்லாம் அங்கதான். நடுவுல இராகூபோன்னு ஒரு சின்ன ஊரு. அங்க ஒரு சோதனைச்சாவடி.

நான் பஞ்சவர்ணம். பொறந்தது கண்டரமாணிக்கம், படிச்சது காரைக்குடி, வாக்கப்பட்டது பாண்டிச்சேரி. எங்க வீட்டுக்காரக பிரெஞ்சுப் பட்டாளத்தில இருந்தாக. அவுக வேலைக்காக இங்க வந்தோம். வேலை முடிஞ்சும் இங்கயே தங்கி, ஒரு துணிக்கடை போட்டு, இங்கயே போய்ச் சேர்ந்துட்டாக. அவுக பிரெஞ்சுக் குடிமகன். எங்க ஒரே மக உமையாள் பிரெஞ்சுக் குடிமக. நான் மட்டும் இந்தியப் பாஸ்போர்ட்டும் ஒரு தங்கல் அட்டையும் வச்சுக் காலத்தை ஓட்டினவ.

போன வருசம் அந்த அட்டைக்குத் தேதி முடிஞ்சது. புதுசுக்கு எழுதிப் போட்டேன். கல்யாணச் சான்றிதழ்ல என் பேரோட புருசன் பேரு ஒட்டியிருக்கு, பாஸ்போர்ட்டுல அப்பா பேரு ஒட்டியிருக்கு, ரெண்டும் ஒரே பொம்பளைதான்னு நிரூபிங்கன்னாக. நிரூபிச்சேன். அதுக்கு ஒரு ரசீது கொடுத்தாக. அட்டை வாரதுக்கு முந்தி ரசீதுக்கும் தேதி முடிஞ்சுபோச்சு. ரசீதைப் புதுப்பிக்கணும்னா கயேனுக்கு நேர்ல வரணுமாம். கயேனுக்குப் போகணும்னா ரசீது இருக்கணும். இதைப் போன்ல ஒரு பொண்ணுகிட்டச் சொன்னேன். "ஆமா மதாம், அது சிரமம்தான்"னு ரொம்ப மரியாதையாச் சொல்லி வச்சுருச்சு. பொறுமையா இருங்கன்னு எல்லாரும் சொல்றாக. பொறுமைக்கு நான் பேர் போனவ இல்ல.

2

சேன்-லோரான் நல்ல ஊருதான், குறை சொல்லக்கூடாது. மரோனி ஆறு நம்ம கண்மாயெல்லாம் சேத்துப் போட்டாலும் காணாத அகலம். அக்கரையில வேற நாடு, சூரினாம். வேடிக்கை என்னன்னா, அந்த வேற நாட்டுக்கு நான் படகுல ஏறிப் போய், அரிசியும் காஞ்ச மிளகாயும் வாங்கிக்கிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திரலாம். ஒருத்தரும் ஏன்னு கேக்கமாட்டாக. சொந்த நாட்டுக்குள்ள அடுத்த ஊருக்குத்தான் போக முடியாது.

ஒரு காலத்தில இந்த ஊரே கைதிக் கொட்டடி. பிரான்ஸுலருந்து கப்பல் கப்பலாக் கொண்டாந்து இறக்கியிருக்காக. தண்டனை முடிஞ்ச ஆளும் ஊருக்குத் திரும்பக் கூடாது, இன்னும் அத்தனை வருசம் இங்கயே கிடந்து சாகணும்னு தனியா ஒரு சட்டம் வேற. இப்ப அந்தக் கொட்டடியைச் சுத்திப் பாக்க வெள்ளைக்காரக வாராக. டிக்கெட் வாங்கி உள்ள போய், படம் எடுத்துக்கிட்டு, வெளிய வந்து ஐஸ் சாப்பிடுறாக. நான் டிக்கெட் வாங்காமலே உள்ள இருக்கேன்.

சந்தையில என் கடைக்கு அடுத்த கடை அஃபிபாவோடது. ஆத்தோரத்துக் கறுப்பு சனம், என் வயசுதான். தோட்டங்கள்ல அடிமையா வச்சிருந்தவகளை எதிர்த்துக் காட்டுக்குள்ள ஓடி ஊரு கட்டுனவக வம்சம். அவுக பொம்பளைக இடுப்புல சுத்துற கட்டம் போட்ட பருத்தித் துணிக்கு பாங்கின்னு பேரு. ஒரு நாளு வீட்டுல கிடந்த கண்டாங்கிச் சேலை ஒண்ணைச் சும்மா கடையில தொங்கவிட்டேன். அஃபிபா வந்து தடவிப் பாத்து, கத்திரிக்கோலை எடுத்தா. ஒரு சேலையில நாலு பாங்கி. இடி விழுந்தாப்புல இருந்துச்சு எனக்கு. சாயங்காலத்துக்குள்ள நாலும் வித்துருச்சு. அன்னையிலருந்து காரைக்குடியில எங்க அண்ணன் சேலை அனுப்புறாக, நான் வெட்டுறேன்.

அஃபிபா பேசுற பாஷை எனக்கு நல்லா வரும். சண்டை போடுற அளவுக்கு வரும். பிரெஞ்சுதான் இத்தனை வருசம் கழிச்சும் தொண்டையில நிக்குது. ஆபீஸ்காரகளுக்கு அது ஒண்ணுதான் பாஷை. ஆத்தங்கரையில நாலு பேரு பேசுற பேச்சு எனக்குத் தெரியும்னு சொன்னா, அதுக்கு ஒரு கட்டம் அவுக தாள்ல கிடையாது.

"வந்திருத்தா பஞ்சு. எதுக்கு அங்க கிடந்து அல்லாடுற?" அண்ணன் ஒவ்வொரு போன்லயும் இதைத்தான் சொல்றாக. போறதுக்கு ஒண்ணும் தடையில்ல. ஏர்போர்ட்டுல சந்தோசமா அனுப்பி வச்சிருவாக. திரும்பி வரத்தான் விடமாட்டாக. உமையாள் இங்க இருக்கா. அதனால அந்தப் பேச்சை அப்படியே விட்டுருவேன்.

3

உமையாள் இங்க இருக்கான்னா, கயேன்ல இருக்கா. அங்க ஒரு பள்ளிக்கூடத்துல வாத்தியார் வேலை. வீட்டுக்காரர் ரெமி, கயேன்காரர், நல்ல உசரம், அமைதியான ஆளு. சம்பந்தியம்மா பேரு லூசி. பேசினா கை ரெண்டும் பேசும். நல்ல சனம். ஆனாலும் நம்ம பிள்ளை பேசுறப்ப தமிழ் கொஞ்சம் கொஞ்சமாக் கரையுறது காதுல விழத்தான் செய்யுது. "அம்மா, நான் ஷாப்பிங் பண்ணிட்டேன்" போய், பாதிப் பேச்சு பிரெஞ்சு ஆகி, இப்ப என் பேச்சுக்கு "வூய், வூய்"னு பதில் வருது. ஆமா ஆமான்னு அர்த்தம். மாடு ஓட்டுறாப்புல இருக்கு.

இந்த வருசம் பொங்கல் கழிச்சு, உண்டாயிருக்கேன்னு சொன்னா. நான் போனைக் கீழ வச்சுட்டு, கடையில இருந்த துணியெல்லாம் ஒருவாட்டி எடுத்து மடிச்சேன். மடிச்ச துணியையே மறுபடி மடிச்சேன். தலைப்பிரசவம். தாய் வீட்டுல நடக்கணும்.

நம்ம பக்கத்து வழக்கம் உங்களுக்குச் சொல்லணும்னு இல்ல. ஆனாலும் சொல்றேன், இந்தக் கதையே அதுலதான் இருக்கு. தலைப்பிரசவத்துக்குப் பொண்ணு தானா எழுந்து தாய் வீட்டுக்கு வரக்கூடாது. பெத்தவக நேர்ல போகணும். சம்பந்தி வீட்டுல உக்காந்து, "எங்க பிள்ளையை எங்க வீட்டுக்கு அனுப்பி வைங்க"ன்னு வாயைத் திறந்து கேக்கணும். அவுக சம்மதிச்சு, அப்புறம் பொண்ணைக் கூடவே அழைச்சிக்கிட்டு வரணும்.

எனக்கு அது நடக்கல. உமையாள் என் வயித்துல இருந்தப்ப நான் பாண்டிச்சேரியில மாமியா வீட்டுல இருந்தேன். கண்டரமாணிக்கத்துல அறுப்பு நேரம். எங்க அப்பா இல்ல, அண்ணன்தான் எல்லாம். அவுக பக்கத்து மருந்துக்கடைக்குப் போன் போட்டு, "மாப்பிள்ளைகிட்டச் சொல்லி ஒரு டாக்சி பிடிச்சு வந்திருத்தா, எனக்கு அங்குட்டு வர ஒழியல"ன்னாக. மருந்துக்கடையில நின்னுக்கிட்டே சொன்னேன்: "அழைக்காத வீட்டுக்கு நான் வாரதில்லண்ணே." வச்சுட்டேன். அண்ணன் அறுப்பை விட்டுப்போட்டு ஓடியாந்தாக, ஆனா அதுக்குள்ள உமையாள் பொறந்துட்டா. இந்தக் கதையை உமையாளுக்குச் சடை பின்னுறப்பெல்லாம் சொல்லியிருக்கேன். ஒவ்வொருவாட்டியும் அந்தக் கடைசி வார்த்தையை நல்லா அழுத்திச் சொல்லுவேன். அது எனக்குப் பெருமைதான், இப்பவும்.

அதனால உமையாளை நான் போன்ல அழைக்கல. எப்படி அழைக்கிறது? என் அண்ணனையே வாய் பேசினவ நான். "அட்டை வந்ததும் வாரேன்த்தா"ன்னு மட்டும் சொல்லுவேன். "சரிம்மா"ம்பா. வளையலை ஒரு வேன்காரர்கிட்டக் கொடுத்துவிட்டேன், லூசி போட்டுவிட்டாக, படம் வந்துச்சு. அட்டை வரல. மாசம் ஏறிக்கிட்டே போகுது. நான் வாரேங்கிறேன், அவ சரிங்கிறா. நான் வரட்டுமாம்மான்னு அவ வாயில ஒரு நாளும் வரல. எனக்குப் புரிஞ்சுபோச்சு. இந்த வழக்கமெல்லாம் அவளுக்கு எங்க நினைவிருக்கப்போகுது, பிள்ளை அந்தப் பக்கத்து ஆளாயிட்டான்னு நினைச்சேன். யாரும் இல்லாத நேரம் பாத்து அழுதேன்.

"கிளம்பி வான்னு சொன்னா வந்திருவாள்ல? அவகிட்டதான் பேப்பர் இருக்கே?" அஃபிபா கேட்டா.

"உனக்குத் தெரியாது. எங்க வழக்கம் அப்படியில்ல."

"எங்க வழக்கத்துல பிள்ளை பெறப் போறவ கூப்பிடாமலே ஆத்தா வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கிருவா"ன்னா அவ.

4

டாக்டர் சொன்ன தேதிக்குச் சில வாரம் இருக்கையில எனக்கு ஆத்தமாட்டல. அழைக்க முடிஞ்சா அழைக்கிறது, இல்லாட்டி அவ பக்கத்துலயே கிடந்து பிரசவம் பாத்துட்டு வாரதுன்னு முடிவு பண்ணிட்டேன். அண்ணன் பார்சல்ல அனுப்பியிருந்த பிரசவ மருந்துச் சாமானை எடுத்தேன். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், இன்னும் என்னென்னவோ. வறுத்து இடிச்சுக் கருப்பட்டிப் பாகுல கிண்டி, நல்லெண்ணெய் ஊத்தி இறக்கினேன். வீட்டுல மட்டுமில்ல, தெருவே மணந்துச்சு.

இங்கதான் நான் ஒரு காரியம் பண்ணினேன். லேகியத்தை டப்பாவுல அப்படியே போட்டா இந்த ஈரக் காத்துக்குப் பூத்துப்போகும். அதனால சின்ன நெல்லிக்காய் அளவு உருட்டி, ஒவ்வொண்ணையும் பிளாஸ்டிக் தாள்ல இறுக்கிச் சுத்தி, நூலு போட்டுக் கட்டினேன். வேளைக்கு ஒண்ணு, எடுத்து முழுங்கச் சுளுவா இருக்கும். பிள்ளைக்கு உரசிக் கொடுக்க வசம்பு. குளிப்பாட்ட பாசிப்பயறு மாவு, தனித்தனிப் பொட்டலமா.

இதுல ஒரு சேதியை நீங்க தெரிஞ்சுக்கணும். சூரினாம் பக்கமிருந்து வெள்ளைப் பொடி கடத்துற ஆளுக இந்த ரோட்டுலதான் போறாக. எப்படிக் கடத்துறாக? சின்னச் சின்ன உருண்டையா உருட்டி, பிளாஸ்டிக்ல இறுக்கிச் சுத்தி, நூல் போட்டுக் கட்டி, முழுங்கிக்கிட்டுப் போறாக. இந்த ஊருல பச்சைப் பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். ஆனா லேகியம் உருட்டுறப்ப யாருக்குத்தான் அந்த நினைப்பு வரும், சொல்லுங்க.

காலையில வேன் ஏறினேன். சந்தையில கீரை விக்கிற ஜாவுவே கிராமத்துக்காரக, லாவோஸ்லருந்து வந்து குடியேறின குடும்பம், முன் சீட்டுல இருந்தாக. மானா ஊருக்குப் பிரியுற இடம் தாண்டினா ரெண்டு பக்கமும் காடுதான். மழை கொட்டுது, நிக்குது, வெயில் அடிக்குது, மறுபடி கொட்டுது. இந்த ரோட்டுல எத்தனையோவாட்டி எங்க வீட்டுக்காரகளோட போயிருக்கேன். இராகூபோ தாண்டினா சின்னாமரி, இறால் போட்ட சோறு வாங்கித் தருவாக. அப்புறம் கூரூ, ராக்கெட் விடுற ஊரு. அங்கருந்து வானத்துக்கு அனுப்புறாக, சந்திரனைத் தாண்டி என்னென்னமோ போகுது. அதையெல்லாம் சேன்-லோரான்காரக கதவைத் திறந்து வச்சு அண்ணாந்து பாப்பாக.

இராகூபோவுல வேன் நின்னுச்சு.

ஒரு நாயோட வந்தாக. நாய் எல்லாரையும் விட்டுட்டு நேரா என் பையில மூக்கை வச்சுச்சு. அதைக் குத்தம் சொல்ல மாட்டேன், அத்தனை திப்பிலி. இளவயசுப் போலீஸ்காரர் ஒருத்தர் டப்பாவைத் திறந்தாரு. உருண்டையைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. வேன்ல இருந்தவக அத்தனை பேரும் என்னை விட்டுத் தள்ளி உக்காந்தாக.

"மதாம், இது என்ன?"

"மருந்து."

"எதுக்கு மருந்து?"

"பிள்ளை பெத்தவளுக்கு." வயித்தைத் தொட்டுக் காட்டினேன். அது இன்னும் தப்பாப்போச்சு. இதையெல்லாம் நான் முழுங்கியிருக்கேனான்னு கேட்டாரு.

வசம்பை எடுத்து, இதுக்குப் பேரு என்னன்னாரு. நம்ம வீட்டுல அதுக்குப் பேரு சொல்லாததுன்னுதான் பேரு. அதைப் போலீஸ்கிட்ட எந்த வாயால சொல்றது? அப்புறம் கோவம் வந்துருச்சு. ஒரு உருண்டையைப் பிரிச்சு அவரு முன்னாலயே வாயில போட்டு மென்னு முழுங்கினேன். இன்னொண்ணைப் பிரிச்சு, "நீங்களும் சாப்பிடுங்க, வாயுவுக்கு நல்லது"ன்னு தமிழ்லயே நீட்டினேன். கூட இருந்த போலீஸ்காரம்மா வாயைப் பொத்திக்கிட்டு அங்குட்டுத் திரும்பிக்கிட்டாக.

உள்ள கொண்டு போனாக, ஏதோ தண்ணி ஊத்திச் சோதிச்சாக. வந்து டப்பாவை மூடி, ரெண்டு கையாலயும் மரியாதையாக் கொடுத்தாக. அப்புறம் அட்டை கேட்டாக. தேதி முடிஞ்ச ரசீதை நீட்டினேன். அவரு அதை ரொம்ப நேரம் பாத்தாரு. பாவம், அவருக்கும் சங்கடம்தான்.

"மதாம், மருந்து போகலாம். நீங்க போக முடியாது."

மருந்தை வேன்காரர் கொண்டுபோய்க் கொடுத்திருவாருன்னு வேற சொன்னாரு. நான் இல்லாம மருந்து எதுக்குன்னு டப்பாவை இடுப்புல இடுக்கிக்கிட்டு இறங்கினேன். வேன் அங்குட்டுப் போயிருச்சு.

5

இராகூபோவுல ஒரு சர்ச்சு இருக்கு, உள்ள சுவர் பூராவும் ஒரு கைதி எழுதின சித்திரம். அதைப் பாக்க ஆளுக வாராக. எனக்கு அதுக்கெல்லாம் மனசு இல்ல. ரோட்டோரத்துல ஒரு சீனாக்காரர் கடை. தாவாரத்துல உக்காந்து உமையாளுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, எங்க இருக்க?"

"இராகூபோவுல. இறக்கிவிட்டுட்டாக."

"அட்டை இல்லாம எதுக்கும்மா கிளம்பின? எதுக்கு?"

"எதுக்கா? உன்னை அழைக்கத்தான் கிளம்பினேன். பெத்தவ வேற எதுக்குக் கிளம்புவா?"

அப்புறம் அவ பேசினா, சுத்தத் தமிழ்ல, ஒரு வூய் இல்லாம.

"அப்ப ஏம்மா இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லல? வாரேன் வாரேன்னு மட்டும் சொல்ற. அழைக்க வாரேன்னு ஒரு நாளும் சொல்லலியே. பெட்டி கட்டி வச்சிருக்கேன்ம்மா. ரெமி தினமும் கேக்குறாரு, கொண்டுபோய் விடட்டுமான்னு. அழைக்காத வீட்டுக்கு எப்படிப் போறதுன்னு அவருகிட்டச் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு. அவருக்குப் புரியல. எனக்கே சில நேரம் புரியல."

"ஏண்டி, என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"நானாக் கேட்டு வாரதா? சடை பின்னுறப்பெல்லாம் என்ன சொன்ன?"

எனக்கு அழுகையும் வருது, சிரிப்பும் வருது. கடைக்காரர் ஒரு தண்ணிப் பாட்டிலைக் கொண்டாந்து வச்சுட்டுப் போனாரு. இந்தப் பிள்ளை மாறிப்போச்சுன்னு நான் சேன்-லோரான்ல உக்காந்து அழுதிருக்கேன். அங்க அவ என்னை மாதிரியே முறுக்கிக்கிட்டு, கட்டின பெட்டியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. என் ரத்தம்தான், சந்தேகமில்ல.

"சரி, இப்ப என்னடி பண்றது? அதான் தாண்ட விடலியே."

"நீ அங்கயே இரு. டாக்டர் நிறுத்தி நிறுத்திப் போகலாம்னு சொல்லியிருக்காரு. நாங்க சாவடிக்கு இந்தப் பக்கம் வாரோம். நீ அந்தப் பக்கம் நின்னு அழை."

சாயங்காலம் வந்தாக. ரெமி வண்டி அங்குட்டு நின்னுச்சு. முதல்ல சம்பந்தியம்மா இறங்கினாக, பூப்போட்ட கவுன், தலையில தொப்பி, கல்யாணத்துக்கு வந்தாப்புல. நான் இங்குட்டு நிக்கேன். நடுவுல ரோட்டுத் தடுப்பு. காலையில டப்பாவைத் திறந்த போலீஸ்காரர் இன்னும் வேலையிலதான் இருந்தாரு. என்னைப் பாத்ததும், "மதாம், மறுபடியுமா"ன்னாரு. "தாண்ட மாட்டேன். பேசத்தான் வந்தேன்"ன்னேன்.

வெத்திலை பாக்கு இல்ல. சீனாக்காரர் கடையில ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி, பையில இருந்த கண்டாங்கித் துண்டுல வச்சு, தடுப்புக்கு மேல நீட்டினேன். தமிழ்ல கேட்டேன். அதை வேற பாஷையில கேக்க எனக்கு வராது.

"சம்பந்தியம்மா, எங்க பிள்ளைக்குத் தலைப்பிரசவம். எங்க வீட்டுக்கு அனுப்பி வைங்க. பத்திரமாப் பாத்துக்கிருவோம்."

உமையாள் பிரெஞ்சுல சொன்னா. லூசி பழத்தை ரெண்டு கையாலயும் வாங்கி, துணியைத் தோள்ல போட்டுக்கிட்டு, பெரிய பேச்சாப் பேசினாக. கை ரெண்டும் பேசுச்சு. "என்ன சொல்றாக?"ன்னு கேட்டேன்.

"நல்லா சந்தோசமாக் கூட்டிட்டுப் போங்கங்கிறாங்க. இதை முன்னாடியே கேட்டிருந்தா முன்னாடியே அனுப்பியிருப்பேங்கிறாங்க."

அப்புறம் உமையாள் நடந்து வந்தா. ரெமி பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் பின்னால வந்தாரு. போலீஸ்காரர் அவ அட்டையை வாங்கினாரு, சும்மா பேருக்குப் பாத்தாரு, கொடுத்துட்டாரு. அவ வயித்தைத் தாங்கிக்கிட்டு மெதுவா அந்தத் தடுப்பைத் தாண்டி இங்குட்டு வந்தா. பெத்த மக நாலடி நடந்து வாரதைப் பாக்க இவ்வளவு சந்தோசமா இருக்கும்னு எனக்குத் தெரியாது.

6

பேத்தி பொறந்தா. சேன்-லோரான் ஆஸ்பத்திரியில, நல்ல மழையில. உமையாள் எல்லா உருண்டையையும் முகத்தைச் சுளிச்சுக்கிட்டு முழுங்கினா. அஃபிபா ஏதோ இலை போட்டுக் கொதிக்க வச்ச தண்ணியைக் கொண்டாந்து குளிக்கச் சொன்னா, அதையும் குளிச்சா. ரெமி லீவு நாள்ல வருவாரு. பாசிப்பயறு மாவுல பிள்ளையை எப்படிக் குளிப்பாட்டுறதுன்னு பாத்துப் பழகிக்கிட்டாரு. அண்ணன் காரைக்குடியிலருந்து வீடியோ போன்ல வந்து, "ஏத்தா, நீயாவது போய் அழைச்சியே"ன்னாக. குத்தித்தான் சொல்றாக. இத்தனை வருசம் கழிச்சும் அவுகளுக்கு ஆறல. எனக்கும்தான்.

அந்த மாசங்கள்ல என் வீடு வீடா இருந்துச்சு. அட்டை நினைப்பே வரல.

அழைச்சா, கொண்டுபோயும் விடணும். அதுவும் வழக்கம். பொண்ணைப் பெத்தவ பேரப்பிள்ளையைத் தூக்கிக்கிட்டுப் போய், சம்பந்தி வீட்டு வாசல் தாண்டி உள்ள இறங்கி, அவுக மடியில வைக்கணும். ஆபீஸுக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டேன். கம்ப்யூட்டர்ல அதே வரி: பரிசீலனையில் இருக்கிறது. இந்தவாட்டி எடுத்தவரு ஆம்பளை. "ஆமா மதாம், அது சிரமம்தான்"னாரு. எல்லாருக்கும் சேத்து அந்த ஒரு வாக்கியத்தை யாரோ சொல்லிக் கொடுத்திருக்காக.

நேத்துக் கொண்டுபோய் விட்டேன். இராகூபோ வரைக்கும்.

லூசி அந்தப் பக்கம் அதே தொப்பியோட நின்னாக. தோள்ல நான் கொடுத்த கண்டாங்கித் துண்டு. பேத்தி என் நெஞ்சுல தூங்கிக்கிட்டிருந்தா. இந்தவாட்டி வேற போலீஸ்காரர், புதுசு. "பிள்ளைக்குப் பேப்பர்?"னாரு. உமையாள் பையிலருந்து எடுத்தா. சின்ன அட்டை, படம் போட்டு. கண்ணைப் பாதி மூடி, வாயைத் திறந்து, முட்டி முட்டி அழப்போற மூஞ்சி. எப்ப எழுதிப் போட்டாக, எப்ப வந்துச்சு, எனக்கு ஒண்ணும் தெரியாது. மூணு மாசப் பிள்ளை. இன்னும் கழுத்து நிக்கல. அதுக்கு அட்டை வந்துருச்சு.

போலீஸ்காரர் அட்டையைப் பாத்து, பிள்ளையைப் பாத்து, "வணக்கம் மதாம்"னு அதுகிட்டச் சொல்லிச் சிரிச்சாரு. "போகலாம்"னாரு.

நான் தடுப்பு வரைக்கும் போனேன். கையை நீட்டி, பேத்தியைத் தடுப்புக்கு மேலயே லூசி கையில வச்சேன். என் கை ரெண்டும் அந்தப் பக்கம் போயிருச்சு, மணிக்கட்டு வரைக்கும். போலீஸ்காரர் தடுக்கல. எடுக்க மனசு வரல. அப்புறம் எடுத்துக்கிட்டேன்.

உமையாள் வண்டிக்கு நடந்து போனவ, திரும்பி வந்தா. தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்னு, "அம்மா, அட்டை வந்துச்சுன்னா போன்ல சொல்லு. ஆனா நீயா வேன் ஏறி வந்துறாத. நான் வந்து அழைக்கிறேன்"னா.

"போடி"ன்னேன்.

வேன் இங்குட்டுத் திரும்பி வந்துச்சு, என் மடியில காலி லேகிய டப்பா. வீட்டுக்கு வந்து, அவ கட்டிக்கிட்டு வந்து விட்டுட்டுப் போன பெட்டியில என் சேலையெல்லாம் எடுத்து அடுக்கினேன். அண்ணனுக்கும் சொல்லிட்டேன், இப்போதைக்கு காரைக்குடிப் பேச்சு வேண்டாம்னு. அட்டை வரட்டும். பெட்டி கட்டி வாசலோரமா வச்சிருக்கேன். அழைக்காத வீட்டுக்கு நான் போறதில்ல.